கூட்டாளி என்று சொல்லிவிட்டேன்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகாதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். ஈப்போவில் தைப்பூசக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன், எனக்கா கூட்டம் புதிது என்ற திமிர் உண்டு. அந்தத் திமிரோடு சேர்த்து என்னை ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் இறக்கிவிட்டார்கள். அதுதான் அன்றைக்குப் பேருந்து நிலையமாம்.

“இதுக்கு மேல வண்டி போவாது சார். எல்லாரும் எங்க போறாங்களோ அங்கயே நடங்க” என்றார் நடத்துனர்.

எல்லாரும் மலையைச் சுற்றப் போனார்கள். நான் செங்கம் சாலையில் ஓர் அறைக்குப் போக வேண்டியவன். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடக்கிறவர்கள் மேல் அது ஏறிவிடாமல் வளைந்து வளைந்து போனேன். ஓர் அம்மாள் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “சாமி பாக்க வர்றதுக்கு இம்மாம் பெரிய பொட்டியா?” என்றார். பக்கத்தில் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

சாமி பார்க்க நான் வரவில்லை. வெங்கட்டுக்காக வந்தேன்.

வெங்கட் என் வாசகன். முப்பதைத் தாண்டியவன், சென்னையில் கணினி வேலை. என் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதினான், நான் பதில் போட்டேன், அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. தினேஷ் என்கிற இளைஞனோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறான். ஊரில் அப்பா அம்மாவுக்குத் தினேஷ் ‘ரூம் மேட்’. இப்போது அவர்கள் ஒரு பெண்ணைப் பேசி முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வெங்கட் தீர்மானித்தான். “நானே சொல்லிடுவேன் சார். நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தா போதும்” என்று கேட்டான். சென்னையில் எனக்கு ஒரு புத்தக வேலை இருந்தது. சரி என்றேன்.

பக்கத்தில் உட்கார்வதுதான் என் வேலை. நான் ஆண்களை நேசிக்கிற ஆண். என்னை நானே ஏற்றுக்கொள்ளப் பாதி ஆயுள் ஆயிற்று. அதைத் தமிழில் எழுதிய பிறகு, கிள்ளானிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். யாரிடமும் ‘போய்ச் சொல்லிவிடு’ என்று நான் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தால்தான் உயிரோடு இருக்க முடியும் என்கிற வீடுகளும் உண்டு. சொல்லத் துணிந்தவர்களின் பக்கத்தில் போய் உட்கார்வேன், அவ்வளவுதான். அவர்களுக்காக வாயைத் திறப்பதில்லை என்பது என் கட்டுப்பாடு. இந்த முறை திறந்துவிட்டேன். ஒரே ஒரு சொல்.

மறுநாள் காலை வெங்கட்டும் நானும் ஆட்டோவில் அவன் வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போனோம். இரவெல்லாம் ஊரே நடந்த பாதை, தண்ணீர் பாட்டில்களும் அன்னதானத் தட்டுகளுமாகக் கிடந்தது. ஒற்றைச் செருப்புகள் மட்டும் எத்தனையோ. துப்புரவுப் பெண்கள் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெங்கட் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி வந்தான். “மொதல்ல டீ குடிப்போம். அம்மா உள்ள போனதும் சொல்லிடறேன்” என்று இரண்டு முறை சொன்னான். எனக்குச் சொல்கிறானா, தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியவில்லை.

அவன் அப்பா ஏழுமலை, மலை சுற்றும் பாதையோரம் சோடாவும் இளநீரும் விற்கும் கடை வைத்திருக்கிறார். பின்னால் வீடு, அதற்குப் பின்னால் கொஞ்சம் நிலம். இரவு முழுக்க வியாபாரம் பார்த்துவிட்டுக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். முறுக்கு மீசை, தோளில் துண்டு. மாடிப்படி நெடுக வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது கச்சான், இங்கே மல்லாட்டை. வெங்கட்டின் அம்மா மல்லிகா ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனார். இதுதான் நேரம் என்று வெங்கட் தொண்டையைச் செருமினான்.

அதற்குள் ஏழுமலை என் பக்கம் திரும்பினார். “சாரு யாருன்னு சொல்லவேயில்லியே. வெங்கட்டுக்கு எப்படிப் பழக்கம்?”

வாய் நிறையக் கச்சான். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன். “நான் வெங்கட்டோட கூட்டாளிங்க. மலேசியாலேருந்து வர்றேன்.”

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். நான் உட்கார்ந்திருந்த முக்காலியைப் பிடுங்காத குறையாக எடுத்துவிட்டு, முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து துண்டால் தட்டிப் போட்டார்.

“ஏம்மே, மல்லிகா! கேட்டியா? நான் அப்பவே சொன்னேனா இல்லியா, இவன் மெட்ராஸ்ல தனியா ஏதோ தொழில் பண்றான்னு? தோ பாரு, மலேசியா பார்ட்னரு!”

“அப்பா...” என்றான் வெங்கட்.

“நீ இருடா. சார், இவன் கல்யாணத்த தள்ளிகினே போவான். நானும் இன்னா இன்னாவோ நெனச்சுட்டேன். குடியா, வேற ஏதாச்சும் பழக்கமான்னு தூக்கமே கெடையாது எனக்கு. தொழில்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேக்கவே போறதில்ல.” அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணீருக்கு முன்னால் வெங்கட்டின் வாய் மூடிக்கொண்டது. நான் என்ன தவறு செய்தேன் என்று எனக்கே அப்போது பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் அவர் கைப்பேசியில் பெண் வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஆமாங்க, மலேசியாலேருந்து வந்துகீறாரு. மாப்ளயோட கூட்டாளி. நல்ல பெரிய மனுஷன் மாதிரிதான் கீறாரு.” அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த பெண் பார்க்கும் சடங்கு, நான் ஊரில் இருக்கும்போதே நடக்கட்டும் என்று மறுநாளைக்கு மாறிவிட்டது.

“தேய்பிறையாச்சேங்க” என்றார் மல்லிகா, டீ தம்ளர்களோடு நின்று.

“பௌர்ணமி தாண்டி அஞ்சு நாளிக்கு வளர்பிற கணக்குதாண்டி. பாக்கறதுக்கு இன்னா தேய்பிற?”

கல்யாணத்தை நிறுத்தும் இடத்தில் துணைக்கு உட்காரக் கடல் தாண்டி வந்தவன், ஒரே சொல்லில் கல்யாணத்தை முன்னால் இழுத்துவிட்டுவிட்டேன்.

கடையைத் தாண்டி, கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை ஓரமாக வந்து நின்றதும் வெங்கட் வெடித்தான். “சார், நீங்க தமிழ் எழுத்தாளர்தானே?”

“ஆமாம்.”

“இங்க கூட்டாளின்னா தொழில்ல பார்ட்னர். இல்லன்னா பேப்பர்ல போடுவாங்களே, ‘திருடனும் கூட்டாளியும் கைது’ன்னு, அந்தக் கூட்டாளி. ஃப்ரெண்டுன்னு சொல்லியிருக்கலாம்ல? தெரிஞ்சவர்னு சொல்லியிருக்கலாம்ல?”

எங்கள் ஊரில் கூட்டாளி என்றால் நண்பன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவனும் கூட்டாளி, சாவு வீட்டில் தோள் கொடுக்கிறவனும் கூட்டாளி. அதை விட நல்ல சொல் எங்களிடம் இல்லை. எனக்கு அது அதற்கும் மேலே. என்னோடு வாழும் மணியத்தை நான் ஊருக்கெல்லாம் ‘என் கூட்டாளி’ என்றுதான் அறிமுகம் செய்தேன். கல்யாண வீட்டில், கோயிலில், என் அம்மாவின் மருத்துவமனைப் படுக்கைக்குப் பக்கத்தில். யாரும் மேலே கேட்டதில்லை. எங்கள் நாட்டில் சட்டமே எங்களுக்கு எதிர். அதனால் அந்த ஒரு சொல்லுக்குள் இருவரும் சத்தம் போடாமல் குடியிருந்தோம். பிறகு, அதற்குள் என்ன இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதினேன். உறவில் பாதிப் பேர் அழைப்பதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். இந்தியாவில் சட்டம் விலகிக்கொண்டுவிட்டது, மாமாக்களும் சித்தப்பாக்களும்தான் விலகவில்லை.

இதையெல்லாம் வெங்கட்டிடம் சொல்லும் நேரமா அது? “நான் போய் உங்கப்பாகிட்ட அர்த்தத்தை விளக்கிடறேன்” என்றேன்.

“வேணாம் சார். அர்த்தம் சொன்னா மீதியையும் கேப்பாரு. அத நான்தான் சொல்லணும்.” அவன் டீயைக் குடிக்கவில்லை. “ஆனா அவரு அழுததப் பாத்தீங்கல்ல? இப்ப எப்படி சார் சொல்லுவேன்?”

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. தலையாட்டிவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் சொல்லத் துணிந்து வந்து, அப்பாவின் முகத்தையோ அம்மாவின் மாத்திரைப் பையையோ பார்த்துவிட்டு, தாலி கட்டிக்கொண்டு போனவர்கள். அப்புறம் மூன்று பேர் வாழ்க்கை. வெங்கட், தினேஷ், முகம் தெரியாத அந்தப் பெண். என் ஒரு சொல் மூன்று பேரையும் கவிழ்த்துவிடும் போலிருந்தது.

அறைக்குத் திரும்பினால் மணியம் ஈப்போவிலிருந்து அழைத்தான். “பசியாறிட்டியா?” என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டான். பிறகு, “கடலையை வாயில வச்சிக்கிட்டே சும்மா இருந்திருக்கலாம்ல?” என்றான். இருபக்கமும் சிரித்தோம், ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்களுக்காக நடத்தப்படும் ஒரு கடையில், உப்பும் காரமும் இல்லாத ஏதோ ஒரு சூப்பை வாங்கி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் ‘நான் யார்’ என்று தியானம் செய்வது எப்படி என்று தோழிக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். ‘நான் யார் என்று எனக்குத் தெரியும் அம்மா, அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதற்கு ஏதாவது தியானம் இருக்கிறதா’ என்று கேட்கத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஒரு வாடகைக் காரில் பெண் வீடு இருந்த வேங்கிக்காலுக்குப் புறப்பட்டோம். ஏழுமலை முன்னால், நாங்கள் மூவரும் பின்னால். மல்லிகா மடியில் பூவும் பழமும் வைத்த தட்டு. வெங்கட் நடுவில், புதுச் சட்டையில். இரவெல்லாம் தினேஷோடு பேசியிருக்க வேண்டும், முகம் வீங்கியிருந்தது. பேருந்துகள் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தன. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். எங்கள் நாட்டில் இந்நேரம் ஐந்து பேர் இறங்கிக் கோப்பி வாங்கியிருப்பார்கள். இங்கே எல்லாரும் ஒலிப்பானை அழுத்தினால் கேட் திறந்துவிடும் என்று நம்பினார்கள்.

“தொழில் இன்னான்னு அவங்க கேட்டா இன்னா சார் சொல்றது?” என்று ஏழுமலை திரும்பிக் கேட்டார்.

“நான் புத்தகம் எழுதறவங்க.”

கொஞ்சம் யோசித்தார். “புக்கு எக்ஸ்போர்ட்டு. அது போதும்.”

நான் வெங்கட்டைப் பார்த்தேன். அவன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘காரில் சொல்லிவிடு, இறங்குவதற்குள் சொல்லிவிடு’ என்று மனசுக்குள் அவனிடம் கெஞ்சினேன். ரயில் போனது, கேட் திறந்தது, கார் நகர்ந்தது. அவன் சொல்லவில்லை.

பெண்ணின் அப்பா கலெக்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். புதுக் குடியிருப்பில் புது வீடு, சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. அவரும் பெண்ணின் தாய்மாமனும் வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையை விட எனக்குத்தான் மரியாதை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பிறகு பெண் காபித் தட்டோடு வந்தாள். சுகன்யா என்று பெயர், தனியார் பள்ளியில் ஆசிரியை. அவள் குனிந்த தலையோடு வரவில்லை. வெங்கட்டை நேராகப் பார்த்தாள். வெங்கட்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

பத்து நிமிடம் பேசியிருப்பார்கள். எல்லாம் என்னைப் பற்றியே. மலேசியாவில் சொந்த வீடா, அங்கே கோயில் எவ்வளவு உயரம், வருடத்துக்கு எத்தனை தரம் வருவீர்கள். பிறகு பெண்ணின் அப்பா கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். “எங்களுக்குப் பரிபூரண சம்மதங்க. சமையல் ரெடியா கீது. கை நனைச்சுட்டுத்தான் போவணும்.”

“அதுக்கென்னங்க, நனைச்சிடலாம்!” என்றார் ஏழுமலை.

கூடத்திலேயே பாய் விரித்து வாழையிலை போட்டார்கள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு வாசனை என்னைத் தூக்கி உட்காரவைத்தது. முந்தின நாளிலிருந்து வெறும் சூப்பு. இலையில் தண்ணீர் தெளித்ததும், வடை விழுந்ததும் ஒன்றாக நடந்தது. நான் வடையை எடுத்துவிட்டேன்.

“மலேசியா சார் ஆரம்பிச்சுட்டாரு!” என்று தாய்மாமன் உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். “பரவால்லங்க, நம்ம வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? சார், சம்பந்தம் பேசற வூட்ல மாப்ள வூட்டுக்காரங்க சோறு துன்ன மாட்டாங்க. காபி, பலகாரம் அதோட சரி. கை நனைச்சாங்கன்னா முடிஞ்சது. அப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. அதனால மாப்ளதான் மொதல்ல கை வைக்கணும்.”

வடையை இலையில் திருப்பி வைத்தேன். விரலெல்லாம் எண்ணெய். சோறு பரிமாறினார்கள், குழம்பு ஊற்றினார்கள், அப்பளம் வைத்தார்கள். பிறகு கூடமே வெங்கட்டின் வலது கையைப் பார்த்தது.

அந்தக் கை அவன் தொடை மேல் இருந்தது.

“சாப்புடு மாப்ள” என்றார் தாய்மாமன்.

“கை வைடா” என்றார் ஏழுமலை, சிரித்தபடியே.

வெங்கட்டின் கை எழுந்தது. இலைக்கு மேலே வந்து, ஆவி பறக்கிற சோற்றுக்கு மேல் அப்படியே நின்றது. என் வாழ்நாளில் ஒரு கையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. ‘ஐயா, உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வாயைத் திறக்கவில்லை. என் எண்ணெய்க் கையை மட்டும் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் அதைப் பார்த்தான்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “அப்பா, நான் கை நனைக்க மாட்டேன்பா.”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. முதலில் அவர்கள் அதை வேடிக்கை என்றே நினைத்தார்கள். ஏழுமலை என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க. கூட்டாளிதானே?”

“அவர் சொல்லவேண்டியதை நான் சொல்லக்கூடாதுங்க” என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வெங்கட் எழுந்தான். “அப்பா, கொஞ்சம் வெளிய வாப்பா.” இருவரும் வாசலைத் தாண்டி, கார் நின்ற வேப்பமரத்தடிக்குப் போனார்கள். ஜன்னல் வழியாக முதுகுகள் மட்டும் தெரிந்தன. மல்லிகா தட்டைப் பிடித்தபடி சுவர் ஓரம் நின்றார். பெண்ணின் அப்பாவும் தாய்மாமனும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. என்னை எழச் சொல்லவும் ஆளில்லை, உண்ணச் சொல்லவும் ஆளில்லை.

சுகன்யாதான் வந்தாள். என் இலைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். “சார், அவருக்கு வேற யாராச்சும் இருக்காங்களா?”

“அத அவர்தான்மா சொல்லணும்.”

“அப்ப இருக்காங்க.” பெருமூச்சு விட்டாள். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் கண் கலங்கவில்லை. “தாலி கட்டிட்டு அப்புறம் தெரியறதுக்கு இப்பவே தெரிஞ்சது நல்லதுங்க. போன வாரமே தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாருக்கும். தெருவுக்கே சொல்லி வெச்சிருக்கோம்.” எழுந்து போகிறவள் திரும்பினாள். “நீங்க வேணா சாப்புடுங்க சார். நீங்கதான் யாருக்கும் சொந்தம் இல்லியே.”

நான் சாப்பிடவில்லை. அவள் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கூசியது.

வேப்பமரத்தடியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு வெங்கட் சொன்னான். தினேஷோடுதான் வாழ்கிறேன், கல்யாணம் செய்தால் எப்படியோ அப்படித்தான், ஆறு வருடமாக, என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறான். ஏழுமலை அவனை அடிக்கக் கை ஓங்கியிருக்கிறார். ஓங்கிய கை காரின் மேல் இறங்கியிருக்கிறது. அந்தச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. மல்லிகா கையிலிருந்த தட்டு குலுங்கி ஓர் எலுமிச்சை உருண்டோடியது. அப்புறம் அவர் கேட்டது இரண்டே கேள்விதானாம்.

“சோறு யாரு ஆக்குவா?”

“ரெண்டு பேரும்பா.”

“ஒரே பானையா?”

“ஒரே பானைதான்பா.”

அவர் உள்ளே வந்தபோது தோளில் இருந்த துண்டு இடுப்பில் இருந்தது. பெண்ணின் அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். தாய்மாமன் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தார். ஏழுமலை இரண்டு கையையும் கூப்பினார். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமல் நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். வியாபார நஷ்டம் என்பார், உடம்பு சரியில்லை என்பார், எல்லாப் பழியையும் இந்த மலேசியாக்காரன் மேல் போடுவார். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

“மன்னிச்சுக்குங்க. தப்பு எங்க மேலதான். எம்புள்ள வேற ஒரு வூட்ல ஏற்கெனவே கை நனைச்சுட்டான். எனக்கு இப்பதான் தெரியும்.”

தாய்மாமன் கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஏழுமலை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை, கூப்பிய கையை இறக்கவும் இல்லை. கடைசியில் சுகன்யாதான் “வுடுங்க மாமா, போவட்டும்” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினோம். இலைகளில் எல்லாம் அப்படியே இருந்தது, என் இலையில் மட்டும் விரல் பட்ட ஒரு வடை.

திரும்பும்போது ரயில்வே கேட் திறந்தே இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் மல்லிகாதான், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். “அந்தப் பையன் நம்ம வூட்டுக்குப் பொங்கலுக்கு ஒரு தபா வந்தானே. தோச நல்லாகீதுன்னு கேட்டுக் கேட்டு துன்னானே. அவனா?”

“ஆமாம்மா.”

“வாய மூடிகினு வாங்க ரெண்டு பேரும்” என்றார் ஏழுமலை. அதோடு சரி. என்னை அறை வாசலில் இறக்கிவிட்டபோது அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெங்கட் அன்று மாலையே சென்னைக்குப் புறப்பட்டான். வீட்டில் இருக்காதே என்று அப்பா சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பேருந்து ஏறும்போது என்னைக் கட்டிக்கொண்டான். “சொல்லிட்டேன் சார். அப்பா என்னை ஒதுக்கிட்டாருன்னா என்ன சார் பண்ணுவேன்?” என்று அழுதான். தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை நானும் கிளம்பினேன். இந்த முறை உண்மையான பேருந்து நிலையம், பெட்டிக்கு இடம் பிடித்துக் கொடுக்க நல்ல நடத்துனர். இட்லி வாங்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இங்கே இட்லிக்குக் கொடுக்கிற சட்னியின் காரம் எங்கள் ஊர்ச் சம்பலோடு போட்டி போடும். முதல் வாய் வைக்கப் போகும்போது யாரோ ஜன்னலைத் தட்டினார்கள்.

ஏழுமலை. அறையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், கையில் இரண்டு துணிப்பைகள். சவரம் செய்யாத முகம். ஒரே நாளில் வயது கூடிவிட்டவர் மாதிரி இருந்தார்.

“நீங்க அந்த வார்த்தைய ஏன் சார் சொன்னீங்க?” என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

எங்கள் ஊரில் அதற்கு நண்பன் என்று அர்த்தம் என்று சொன்னேன். பிறகு மணியத்தைப் பற்றியும் சொன்னேன். இது என் கதை, சொல்ல எனக்கு உரிமை உண்டு. “அவரையும் கூட்டாளின்னுதான் சொல்லுவேன். ஒரே பானைச் சோறுதாங்க எங்களுக்கும்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேருந்தின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். ஏழுமலை ஒரு பையை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார். காய்ந்த மல்லாட்டை. “இது உங்களுக்கு.” இன்னொன்றையும் தள்ளினார். “இது மெட்ராஸ்ல குடுத்துடுங்க.”

“வெங்கட்டுக்கா?”

“அவனுக்கு இன்னாத்துக்கு? அவன்கூட நான் பேசறதில்ல. அவன் கூட்டாளிக்கு.”

பையை மடியில் ஏற்றிக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “உங்க ஊர் அர்த்தத்துலயா, எங்க ஊர் அர்த்தத்துலயாங்க?”

“உங்க ஊர் அர்த்தம் எனக்குப் புடிக்கல சார்” என்றார். “வேற வார்த்த தெரியல, அதான்.”

நடத்துனர் விசில் ஊதினார். பேருந்து நகர்ந்ததும் அவர் இரண்டு எட்டு கூடவே நடந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“வறுத்துத் துன்னச் சொல்லுங்க. பச்சையா ஜாஸ்தி துன்னா பித்தம்.”